ஸ்கார்ஃபேஸ் (1983) படத்தில் டோனி மொன்டானா வீழ்ந்தது கொக்கைன் பழக்கத்தால்தானா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, 170 நிமிடமும் உட்கார்ந்து நீங்கள் படத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் வெள்ளைக் குவியல், அதற்குள் மூக்கைப் புதைத்த அல் பசினோ, அப்புறம் துப்பாக்கிச் சண்டை. ரீல்ஸில் வருவது இவ்வளவுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம், இதே கேள்வியைப் படத்தைப் பத்துத் தடவை பார்த்ததாகச் சொல்கிறவர்களும் கேட்கிறார்கள். சுருக்கமான பதில்: கொக்கைன் அவனைக் கெடுத்தது, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கக் கேட்ட கமிஷன் அவனைக் கவிழ்த்தது. 10 சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் நடுவில் இருந்த 6 சதவீதம். விரிவான பதில் கீழே. கணக்கு பிடிக்காதவர்கள் இங்கேயே கிளம்பிவிடலாம்.

முதலில் டோனி எப்படி ஏறினான் என்று பாருங்கள். ஏறியது முழுக்கப் பேரம் பேசித்தான். 1980 ஏப்ரலில் காஸ்ட்ரோ மரியேல் துறைமுகத்தைத் திறந்துவிட, அக்டோபருக்குள் சுமார் 1.25 லட்சம் கியூபர்கள் ஃபுளோரிடாவில் கரையேறினார்கள். இது நிஜ வரலாறு. அந்தக் கூட்டத்தோடு வந்து, நெடுஞ்சாலைப் பாலத்தடி முகாமில் அடைபட்டு, ஒரு கொலைக்குக் கூலியாக கிரீன் கார்டு வாங்கி, சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவிக்கொண்டிருக்கிறான் டோனி. கடத்தல் முதலாளி ஒருவனின் ஆள் ஓமர் வருகிறான். படகிலிருந்து கஞ்சா இறக்க ஆளுக்கு 500 டாலர் என்கிறான். தட்டு கழுவுகிறவன், ஊர் ரேட் 1,000 ஆயிற்றே என்கிறான். அந்த வாயாடலில்தான் கொலம்பியர்களிடம் சரக்கு வாங்கப் போகும் 5,000 டாலர் வேலை கிடைக்கிறது. எல்லாரும் பேசும் அந்த மின்ரம்பக் காட்சி அங்கேதான் வருகிறது. (பில்லா 2 பார்த்தவர்களுக்கு அகதி முகாமில் தொடங்கும் இந்த ஏறுமுகம் எங்கேயோ பழகியதாகத் தோன்றும். அந்தச் சண்டை இங்கே வேண்டாம்.)

அடுத்த பேரம் பொலிவியாவில், கொக்கைன் மொத்த வியாபாரி சோசாவின் மாளிகையில். மாதம் 150 கிலோ எடுப்பதாக உறுதி கொடுத்தால் கிலோ 7,000 டாலருக்குத் தருகிறேன் என்கிறான் சோசா. முதலாளி ஃபிராங்கைக் கேட்காமல் பேசாதே என்று ஓமர் குறுக்கே விழுகிறான். டோனி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடலில் இப்போது காவல் பலமாகிவிட்டது, ஒன்பது லோடில் ஒன்று போய்விடுகிறது, அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது என்று மடக்குகிறான். சோசா அந்த நிமிடமே ஆளை எடை போட்டுவிடுகிறான். ஓமர் ஹெலிகாப்டரிலிருந்து தொங்குகிறான், டோனி மேலே போகிறான்.

இப்போது கணக்கு. 150 கிலோவில் ஒன்பதில் ஒரு பங்கு போனால் கைக்கு வருவது 133 கிலோ. அந்தக் காலத்து மியாமி மொத்த விலையை கிலோ 50,000 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். 66.5 லட்சம் டாலர். அத்தனையும் ரொக்கம். பெரும்பாலும் 20 டாலர் நோட்டு, ஏனென்றால் தெருவில் வாங்குகிறவன் 100 டாலர் நோட்டை நீட்டுவதில்லை. 66.5 லட்சத்தை 20-ஆல் வகுத்தால் 3,32,500 நோட்டு. டாலர் நோட்டு ஒன்றின் எடை, எந்த மதிப்பானாலும், கிட்டத்தட்ட 1 கிராம். ஆக 332 கிலோ. விற்ற சரக்கு 133 கிலோ, வந்த பணம் 332 கிலோ! அதே தொகை 10 டாலர் நோட்டாக வந்தால் 665 கிலோ. சரக்கை விமானத்தில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். பணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இது கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. நம்மூர்ப் படங்களில் வில்லன் ஒரு பிரீஃப்கேஸைத் திறந்து காட்டி, இதில் 10 கோடி இருக்கிறது என்பான். கதாநாயகன் அதை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு சுவரேறிக் குதிப்பான். 10 கோடி ரூபாய் 500 ரூபாய் நோட்டாக என்றால் 2 லட்சம் நோட்டு, 200 கிலோவுக்கு மேல். பழைய 1,000 ரூபாய் நோட்டாக இருந்தாலும் 100 கிலோ. மூட்டை தூக்கும் தொழிலாளிகள் இரண்டு பேர் வேண்டும். ஒரு உதவி இயக்குநருக்குக்கூடவா இது தோன்றாது? ஆலிவர் ஸ்டோன் எழுதி பிரையன் டி பால்மா எடுத்த இந்தப் படத்தில், பாட்டு ஓடும்போது ஆட்கள் பை பையாகச் சுமந்துகொண்டு வங்கிக்குள் நுழைவதைக் கவனியுங்கள். ஆயிரம் குறை சொல்லலாம், இதில் ஏமாற்றவில்லை.

சரி, வங்கி. அமெரிக்காவில் 1970-லேயே வங்கி ரகசியச் சட்டம் வந்துவிட்டது. 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வந்தால் வங்கி அரசுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். இதைத் தாண்ட மூன்று வழி இருந்தது. ஒன்று, தொகையைப் பிரித்துப் பல ஆட்கள் மூலம் 10,000-க்குள் கட்டுவது. 66.5 லட்சத்தை 9,900 வீதம் கட்டினால் 672 தடவை வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் மாதாமாதம். அத்தனை பேரில் ஒருத்தன் பையோடு ஓடிப்போவான், ஒருத்தன் போலீஸில் உளறுவான். இரண்டு, தினமும் ரொக்கம் புழங்கும் கடைகளுக்கென்று வங்கி வைத்திருந்த விலக்குப் பட்டியலில் நம் கம்பெனியையும் நுழைப்பது. டோனி பெயரில் டிராவல்ஸ், ரியல் எஸ்டேட் என்று போர்டுகள் தொங்குவது சும்மா இல்லை. மூன்று, வங்கிக்காரனையே கையில் போட்டுக்கொண்டு படிவத்தை எழுதாமல் விடச் சொல்வது. இந்த மூன்றாவதற்குத்தான் கமிஷன். (வழி சொல்லிக்கொடுக்கிறேன் என்று யாரும் ரிப்போர்ட் அடிக்க வேண்டாம். இதெல்லாம் நாற்பது வருடத்துக்கு முந்தைய சமாச்சாரம். 1986-ல் சட்டம் மாறி, பிரித்துக் கட்டுவதே தனிக் குற்றமாகிவிட்டது.)

ஆனால் வாஷிங்டன் அதற்கு முன்பே விழித்துக்கொண்டது. அமெரிக்க மத்திய வங்கியின் மியாமி கிளையில் மட்டும் சுமார் 500 கோடி டாலர் ரொக்கம் உபரியாக வந்து குவிந்தது. சுற்றுலா ஊர்தான், அதற்காக இவ்வளவா? 1980-ல் ஆபரேஷன் கிரீன்பேக் என்ற பெயரில் வருமான வரி, சுங்கம், நீதித்துறை மூன்றும் சேர்ந்து இறங்கின. இந்தப் பின்னணி தெரியாமல் அந்த வங்கிக் காட்சியைப் பார்த்தால் சட்டை மடிப்புக் கலையாத ஒருத்தன் ஏதோ புலம்புவது போலத்தான் இருக்கும்.

ஜெரி என்ற அந்த வங்கிக்காரன் என்ன சொல்கிறான்? நீ கொண்டுவரும் ரொக்கம் கூடக் கூட அதை வெள்ளையாக்குவது கஷ்டம். வரித்துறை தென் ஃபுளோரிடாவைக் குடைகிறது. பங்குதாரர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே முதல் 1.2 கோடி டாலருக்கு 10 சதவீதம். டோனி கொதிக்கிறான், பணத்தை பஹாமாஸுக்கு நானே கொண்டுபோய்க்கொள்கிறேன் என்கிறான். முன்பின் தெரியாத ஒருத்தனை நம்பி உன் பணத்தைக் கொடுத்துவிடுவாயா என்று ஜெரி கேட்கும்போது டோனியிடம் பதில் இல்லை. வியாபாரமாகப் பார்த்தால் ஜெரி கேட்டது நியாயமான ரேட். சிக்கினால் கம்பி எண்ணப் போகிறவன் அவன். சரக்கில் ஒன்பதில் ஒன்று, அதாவது 11 சதவீதம், கடலில் போவதைத் தொழில் செலவாக எழுதிக்கொள்ளத் தெரிந்த டோனிக்கு, பணத்தில் 10 சதவீதம் போவது மட்டும் கொள்ளையாகத் தெரிகிறது.

அந்த நேரம் பார்த்து டோனியின் நண்பன் மேனி ஒரு தகவல் கொண்டுவருகிறான். சைடல்பாம் என்று ஒருத்தன், சொந்தமாகப் பணமாற்றுக் கடை, 4 சதவீதம்தான். இதே ரேட்டுக்கு நாலு இடத்தில் விசாரித்திருந்தாலே உறைத்திருக்கும். ஊரே 10 கேட்கும்போது ஒருத்தன் மட்டும் 4-க்குச் செய்கிறான் என்றால், ஒன்று அவன் தொழிலுக்குப் புதுசு, இல்லை அவனுக்கு லாபம் வேறு எங்கிருந்தோ வருகிறது. இங்கே வந்தது அரசாங்கத்திலிருந்து. அந்தக் கடையே மஃப்டி போலீஸ் விரித்த வலை.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிசு. உனக்குப் பேரம் பேசத் தெரியாது, நீ பெண்கள் பின்னால் சுற்றத்தான் லாயக்கு என்று மேனியை ஒதுக்கிவிட்டு, பணத்தோடு டோனியே போய் உட்காருகிறான். முதலாளி பணமிருக்கும் அறையில் கால் வைக்கக் கூடாது. சோசா எந்தக் காட்சியிலாவது ரொக்கத்தைத் தொடுகிறானா பாருங்கள்.

அந்த எண்ணும் காட்சியை ஒரு தடவை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். அறை முழுக்க நோட்டுக் கட்டு, மெஷின் சத்தம், மணிக்கணக்கில் உட்கார்ந்து அலுத்த முகங்கள். 13 லட்சம் டாலர், 20 டாலர் நோட்டாக இருந்தால் 65,000 நோட்டு. நிமிடத்துக்கு 1,000 எண்ணும் மெஷினுக்கு ஒரு மணி நேரச் சொச்ச வேலைதானே என்று தோன்றும். ஆகாது. நம் ரூபாய் மாதிரி மதிப்புக்கு ஒரு அளவு, ஒரு நிறம் என்பது அன்றைய டாலரில் கிடையாது, எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சை. அன்றைய மெஷினுக்குத் தாளை எண்ணத் தெரியும், மதிப்பைப் படிக்கத் தெரியாது. ஆகவே 5, 10, 20 என்று முதலில் கையால் பிரிக்க வேண்டும். கசங்கிய நோட்டு சிக்கும், ஈரத்தில் ஒட்டிய இரண்டு நோட்டு ஒன்றாகப் போகும், கட்டை மறுபடி ஓட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டு முடியும்போதும் ஒளித்து வைத்த கேமராவுக்கு இன்னும் கொஞ்சம் சாட்சி. கடைசித் தொகையை எழுதி முடித்த பிறகுதான் எதிரில் இருப்பவன் போலீஸ் என்று தெரிகிறது.

13 லட்சத்தில் 6 சதவீதம் எவ்வளவு? 78,000 டாலர். அன்று டோனி மிச்சம் பிடிக்கப் பார்த்தது அவ்வளவுதான்.

வக்கீல் ஷெஃபீல்டு உள்ளதைச் சொல்கிறான். சதி வழக்கை உடைத்துவிடலாம், வரி ஏய்ப்பை முடியாது. கணக்கில் வராத 13 லட்சத்தோடு கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய், டாக்ஸியில் கண்டெடுத்தேன் என்றால் எந்த ஜூரி நம்பும்? ஐந்து வருடம், மூன்றில் வெளியே வரலாம். போதைப்பொருள் மன்னனுக்குப் போய் வரி வழக்கா என்று சிரிக்காதீர்கள். கறுப்பை வெள்ளையாக்குவது என்பதே 1986 வரை தனிக் குற்றமாக இல்லை, வரியைத்தான் பிடித்தாக வேண்டும். அதோடு, இந்தப் படத்துக்கு மூலமான 1932 படத்தின் நாயகனுக்கு முன்மாதிரி அல் கபோன். அவனுக்கு 1931-ல் 11 வருடத் தண்டனை கிடைத்ததும் வரி ஏய்ப்புக்காகத்தான். முகத்தில் தழும்புள்ளவன் என்ற பட்டப்பெயரும் அவனுடையதே.

ஜெயிலுக்குப் பயந்துதான் டோனி சோசாவின் வலையில் விழுகிறான். வரி வழக்கை வாஷிங்டனில் ஆள் வைத்துச் சரிக்கட்டுகிறேன், பதிலுக்கு நியூயார்க்கில் ஐ.நா. சபையில் பேசப்போகும் ஒருவனை முடிக்க என் ஆளுக்குத் துணை போ என்கிறான் சோசா. காரில் குண்டு வைத்தாகிவிட்டது. ஆனால் காருக்குள் மனைவியும் குழந்தைகளும் ஏறிவிடுகிறார்கள். டோனி அவர்களைக் கொல்ல விடாமல் சோசாவின் ஆளையே சுட்டுவிடுகிறான். அதற்குப் பதிலாகத்தான் சோசாவின் படை மாளிகைக்கு வருகிறது. வரி வழக்கு இல்லையென்றால் அவனுக்கு நியூயார்க்கில் என்ன வேலை?

மேனியைச் சுட்டது, தங்கை ஜீனா, மனைவி எல்விரா விட்டுப் போனது, இதெல்லாம் காரணமில்லையா என்று கீழே வருவீர்கள், தெரியும். அவை அவனைத் தனியாளாக்கின. மதிலேறி வந்தவர்களை அனுப்பியது அவை அல்ல. உன் சரக்கை நீயே இழுக்காதே என்ற விதியை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். படத்தில் அது இரண்டாவது பாடம், எல்விரா சொல்வது. ஃபிராங்க் சொல்லும் முதல் பாடம், எதிராளியின் பேராசையைக் குறைத்து எடை போடாதே என்பது. சைடல்பாமுக்கு ஏன் பேராசையே இல்லை என்று டோனி ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. வங்கிக்கு 10 சதவீதம் கொடுக்க மூக்கால் அழுதவன், வருமானத்தில் 12 சதவீதத்தைக் கண்காணிப்புக்குக் கொட்டுகிறான். வீடு முழுக்க கேமரா, அறைக்குள் அடுக்கடுக்காகத் திரை. அதிகமில்லையா என்று மேனி கேட்டதற்கு, ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றவன் அவன். கடைசி இரவில் சோசாவின் ஆட்கள் உள்ளே நுழைவது அந்தத் திரைகளில் தெரிகிறது. டோனி அந்தப் பக்கம் திரும்பவில்லை, முகம் குவியலுக்குள் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் என் பதில், ஆமாம், கொக்கைன்தான்.