பாஸ்டர் தம்பி கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் தம்பி கிரீன் கார்டில் டெக்சாஸ் போய் அங்கே ஒரு சபையில் பாஸ்டராக இருக்கிறான், இது இரண்டாவது வருடம். அதற்கு முன் சிங்கப்பூரில் ஆசிரியர். படிவம் 4361 கொடுத்துவிட்டால் சுயதொழில் வரி கட்டவேண்டாம், அந்தக் காசை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்று உடன் ஊழியர்கள் சொல்கிறார்களாம். கொடுக்கலாமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: காசு மிச்சமாகும் என்பதுதான் காரணம் என்றால் வேண்டவே வேண்டாம், சகோதரி.

ஆசை வருவது புரிகிறது. சுயதொழில் வரி என்பது அங்கே அரசாங்க ஓய்வூதியத்துக்கும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்புறுதிக்கும் போகும் பணம். சபையிலேயே சம்பளம் வாங்கினாலும் ஊழிய வருமானத்துக்கு அமெரிக்கச் சட்டம் பாஸ்டரைச் சுயதொழிலராகத்தான் பார்க்கிறது, அதனால் முதலாளி பங்கையும் சேர்த்து 15.3 விழுக்காடு அவர் தலையில்தான். சம்பளம் 28,000 டாலர், வீட்டுப்படி 12,000 என்று வையுங்கள். வீட்டுப்படிக்கு வருமான வரி இல்லை, ஆனால் இந்த வரி உண்டு. மொத்தம் 40,000-இல் 92.35 விழுக்காட்டுக்குத்தான் இந்த வரிக் கணக்கு, அப்படியும் சுமார் 5,650 டாலர் போய்விடும்.

ஆனால் அந்தப் படிவம் சேமிப்புத் திட்டம் இல்லை. ஊழியத்துக்காக அரசாங்கக் காப்புறுதியை ஏற்பதை என் விசுவாசம் அனுமதிக்கவில்லை என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிற படிவம் அது. தன்னை அபிஷேகம் செய்த சபைக்கும் அதைத் தெரிவித்திருக்க வேண்டும். மனதில் இல்லாததை ஒரு போதகர் எழுதிக் கொடுக்கலாமா?

அப்புறம், கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்பப் பெற முடியாது. இங்கே சிங்கப்பூரில் சுயதொழில் செய்பவருக்கு ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு மட்டும்தான் கட்டாயம், மசே நிதியின் (மத்திய சேமநிதி) மற்றக் கணக்குகளில் இந்த வருடம் போடாவிட்டாலும் அடுத்த வருடம் போடலாம். அங்கே அப்படி இல்லை. ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது குறைந்தது 10 ஆண்டு அங்கே வரி கட்டி வேலை பார்த்த கணக்கு, வேண்டும். இங்கே ஆசிரியராக மசே நிதி கட்டிய காலம் அதில் சேராது, இரு நாட்டுக்கும் அதற்கான ஒப்பந்தம் இல்லை. 65 வயதில் மெடிகேர் மருத்துவமனைக் காப்புறுதி சந்தா இல்லாமல் கிடைக்கவும் அதே 40 கிரெடிட்தான் கணக்கு. நடுவில் உடல் முடியாமல் போனால் வரும் தொகை, அவர் இல்லாமல் போனால் மனைவி பிள்ளைகளுக்கு வரும் தொகை, இவையும் ஊழிய வருமானத்தை வைத்துக் கிடைக்காது. மனைவி வேலை பார்த்து அவர் கணக்கில் தகுதி இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம், அல்லது தம்பி சபைக்கு வெளியே வேறு வேலை பார்க்கவேண்டும்.

உண்மையிலேயே அந்த விசுவாசம் இருந்தால் மட்டும் தேதியைக் கவனிக்கச் சொல்லுங்கள்: ஊழியத்தில் 400 டாலரோ அதற்கு மேலோ நிகர வருமானம் வந்த இரண்டாவது வருடத்தின் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுதான் கடைசி. இல்லையென்றால் வரியைக் கட்டட்டும். அதில் பாதியை வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். பல சபைகள் இந்த வரிக்காகவே ஒரு தொகை கூட்டித் தருகின்றன, அதுவும் வருமானமாகக் கணக்காகும் என்றாலும் கூச்சப்படாமல் கேட்கட்டும்.