80 செ.மீ. யாருடைய கணக்கு?

அன்புள்ள ஐயா,

நான் நாகர்கோவில்காரன். பெங்களூரில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் மணக்குடி பொழிமுகத்திலும் முட்டம் பாறையிலும் தூண்டில் போடுவேன். கடை ராடுகள் திருப்தியாக இல்லாததால் பன்னிரண்டு அடி கார்பன் பிளாங்க் (வளையமும் பிடியும் இல்லாத வெறும் கம்பு) ஒன்றை வரவழைத்து நானே கட்டுகிறேன். நூல் ஓடும் வளையங்கள் எத்தனை, என்ன இடைவெளி? பிளாங்கின் முதுகுப் பக்கத்தைக் கண்டுபிடித்து அதற்கு நேராகத்தான் வளையம் கட்ட வேண்டுமா? ரீலைப் பொருத்தும் ரீல் சீட்டை அடியிலிருந்து 80 செ.மீ. தள்ளி வைக்கச் சொல்லி ஓர் ஆங்கிலேயர் வீடியோவில் காட்டினார். அப்படியே வைத்திருக்கிறேன், இன்னும் ஒட்டவில்லை. 100 கிராம் ஈயத்தை மெல்லிய பிரெய்டில், அதாவது பின்னல் நூலில், நேரடியாகக் கட்டி எறியப்போகிறேன். நூறு மீட்டராவது போக வேண்டும். கடலைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

தூண்டில் வாங்குவது பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. கடைக்காரர் இருக்கிறார், யூடியூப் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்த 80 செ.மீ. என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பையன் தன் அப்பாவின் ராடைத் தூக்கிக்கொண்டு தினமும் சாயங்காலம் கடற்கரைக்குப் போகிறான். எறிகிறான், ஈயம் அவன் காலடியிலேயே விழுகிறது. அவனைப் பார்த்துப் பார்த்து இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுவோம். ஸ்பின்னிங் ரீல் என்றால் நுனி வளையத்தையும் சேர்த்து ஏழெட்டு போதும். ரீலிலிருந்து நூல் சுருள் சுருளாகப் பாய்ந்து வரும், ஆகவே முதல் வளையம் பெரிதாகவும் உயரமாகவும் இருக்கட்டும், அப்புறம் படிப்படியாகச் சிறிதாக்குங்கள். இடைவெளிக்கு அட்டவணை தேடாதீர்கள். வளையங்களை டேப்பால் ஒட்டி, நூலைக் கோத்து, நுனியில் எடையைத் தொங்கவிட்டுக் கம்பை வளைத்துப் பாருங்கள். எங்கே நூல் கம்பின் வளைவோடு போகாமல் குறுக்கே வெட்டுகிறதோ அங்கே வளையத்தை நகர்த்துங்கள். முதுகுப் பக்கம் பற்றிய சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. கார்பன் தாளைச் சுருட்டிச் செய்யும்போது ஒரு பக்கம் சற்று விறைப்பாக அமைவது உண்மைதான். எறியும் தூரத்தில் அதனால் வரும் வித்தியாசத்தை நீங்களும் நானும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கம்பு பார்வைக்கு நேராக நிற்கும்படி கட்டுங்கள், போதும்.

சரி, 80 செ.மீ.க்கு வருவோம். அந்த ஆங்கிலேயரின் உயரம் என்ன? கேட்டீர்களா? உங்கள் கையின் நீளம் என்ன? அதையாவது அளந்தீர்களா? பிளாங்கை மில்லிமீட்டர் கணக்கில் அளந்த மனிதர் எறியப்போகிற கையை அளக்கவில்லை. காசு செலவழித்து, தூக்கம் கெட்டு, சொந்தமாக ஒரு ராடு கட்டுகிறீர்கள், கடைசியில் அது இன்னொருவர் உடம்புக்குப் பொருந்துகிற ராடாக வருகிறது. இதற்குக் கடையிலேயே வாங்கியிருக்கலாமே!

வலது கை ரீலருகே இருக்கும், இடது கை கம்பின் அடியில். எறியும்போது வலது கை தள்ளுகிறது, இடது கை நெஞ்சை நோக்கி இழுக்கிறது. கம்பை வளைப்பதில் அந்த இழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு கைக்கும் நடுவே இடைவெளி அதிகமானால் வலது கை மேலே முழுதாக நீண்டுவிடும், இடது கை நெஞ்சுக்கு வந்து சேராது. எறிதல் பாதியில் நிற்கும். ஈயம் வானத்துக்கு ஏறி அங்கேயே கீழே விழும். இடைவெளி குறைந்தாலும் சிக்கல், கம்பு இரும்புத்தடி மாதிரி வளையாமல் நிற்கும். அடிமுனையை அக்குளில் வைத்துக் கையை நீட்டினால் உள்ளங்கை எங்கே வருகிறதோ, ஏறக்குறைய அங்கேதான் ரீல். உங்களுக்கு அது 65 ஆக இருக்கலாம், 70 ஆக இருக்கலாம். ஒட்டுவதற்கு முன் வெறும் கம்பில் ஒரு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, அதன்மேல் ரீலின் காலை வைத்துக் கறுப்பு டேப்பால் இறுக்கிக் கட்டுங்கள். காலை ஆறு மணிக்கு, ஆள் இல்லாத நேரத்தில், சொத்தவிளைக் கடற்கரைக்குப் போய்ப் பாதி வேகத்தில் எறிந்து பாருங்கள். இரண்டு விரல்கடை மேலே, இரண்டு விரல்கடை கீழே என்று நகர்த்துங்கள். கை தானாகச் சொல்லும். எபாக்சிப் பசை காய்ந்தபின் நகர்த்த முடியாது.

என் பெரியப்பா கடியபட்டணம் பாறையில் நின்று தூண்டில் போடுவார். கம்பும் கிடையாது, ரீலும் கிடையாது. பாறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நூலை, வளையம் வளையமாக அதன்மேல் பரப்புவார், ஒன்றோடொன்று சிக்காமல். ஈயத்தைக் கையிலிருந்து தொங்கவிடுவார். அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. இருட்டிலும் விரல் அந்த முடிச்சைத் தேடிப் பிடித்துவிடும். தலைக்குமேல் இரண்டு சுற்று, விட்டால் பரப்பிய நூல் சரசரவென்று மேலே எழுந்து போவதைப் பார்க்க வேண்டும். அவர் மகன், என் அண்ணன், அந்தத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சத்தம் போடுவார்: “எனக்க கயிற வச்சு நீ எறிஞ்சா உனக்க மண்டையிலதான் கொள்ளும் மக்கா. உனக்க முட்டுக்கு அளந்து வேற முடிச்சு போடுடே.” பள்ளிக்கூடத்துக்கு நாலு வருஷம் போனவர். கடலாழத்தை இரண்டு கையையும் விரித்துப் பாகக் கணக்கில் சொல்லுவார், வலைக்கண்ணை விரலை நுழைத்துப் பார்ப்பார். அவர் தொழிலில் ஒவ்வொரு அளவும் உடம்பிலிருந்து வந்தது. உங்கள் அளவு எங்கிருந்து வந்தது? ஒரு திரையிலிருந்து. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குத்தான் உங்களைவிட அதிகக் கோபம் வருகிறது.

நுனியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈயம் கிளம்பியபின் நுனி சற்று நேரம் துடிக்கும். அந்தத் துடிப்பு நூலில் அலையாகப் போய் வளையங்களில் உரசி வேகத்தைத் தின்னும். நுனியில் எடை கூடக் கூடத் துடிப்பு அடங்க நேரமாகும். அங்கே எடை குறைந்த ஒற்றைக்கால் வளையம் போடுங்கள், எபாக்சியை அழகுக்காகக் குழைத்துப் பூசாமல் மெல்லியதாக விடுங்கள். காயும்வரை கம்பைச் சுழற்றிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கமாக வழிந்து நிற்கும்.

நூறு மீட்டர் எதற்கு? புல்வெளியில் 150 கிராம் ஈயத்தை 250 மீட்டருக்கு அப்பால் எறியும் போட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முள்ளில் கணவாய்த் துண்டு கோப்பதில்லை, எதிரே கச்சான் காற்றும் இல்லை. மணக்குடியில் ஆற்றுநீரும் கடலும் முட்டுகிற இடத்தில் கொடுவா நிற்கும். அது பல நேரம் உங்கள் காலிலிருந்து முப்பது மீட்டர்தான். அதன் தலைக்குமேலே எறிந்துவிட்டு மீன் இல்லை என்று பெங்களூருக்குப் பஸ் ஏறுவீர்கள்.

கடைசியாக, பிரெய்டில் நேரடியாக ஈயம். இதைப் படித்ததும் உண்மையில் பயந்துவிட்டேன். எறியும் நொடியில் மெல்லிய நூல் அறுந்தால் அந்த நூறு கிராம் ஈயம் துப்பாக்கிக் குண்டாகப் போகும். உங்களுக்குப் பின்னால் மணலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பிரெய்டுக்கும் ஈயத்துக்கும் நடுவே லீடர் என்ற தடித்த நூலைக் கட்ட வேண்டும். ஓர் அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு தாங்கும் லீடர் என்பது பழைய கணக்கு. நூறு கிராம் என்பது மூன்றரை அவுன்ஸ், ஆகவே 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது. நான் ஐம்பது போடுவேன். ஈயத்திலிருந்து ரீலில் ஐந்தாறு சுற்று வரும்வரை லீடர் நீளமாக இருக்கட்டும். அதை வாங்காமல் சொத்தவிளைக்குப் போகாதீர்கள், டேப்பில் கட்டிப் பார்க்கிற சோதனைக்குக்கூட.