கத்தரி வெயிலில் ஷார்ட்ஸ் போடலாமா? கட்டிங் மாஸ்டர் பதில்கள்

திருப்பூர் பின்னலாடை கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், உடை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த இதழில் ஆண்களின் ஷார்ட்ஸ்.

வீட்டில் ஷார்ட்ஸ் போட்டு உட்கார்ந்தால் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மட்டும் கைலியைத் தொடை தெரிய மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய் வருகிறார். இது என்ன நியாயம் மாஸ்டர்?
– வேலூர் வாசகர்

நியாயம் இல்லைதாங்க. ஆனால் காரணம் இருக்கிறது. மடித்துக் கட்டின கைலியை நினைத்த மாத்திரத்தில் இறக்கி விடலாம். எதிரே பெரியவர் யாராவது வந்தால் உங்கள் மாமனார் கை தானாக மடிப்பை அவிழ்த்துவிடும், கவனித்துப் பாருங்கள். மரியாதை காட்ட அந்தத் துணியில் ஒரு வழி இருக்கிறது. ஷார்ட்ஸில் அந்த வசதி கிடையாது. தைத்தது தைத்ததுதான்.

அவர் வயசுக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அரைக்கால் டவுசர் என்றால் அவர்கள் கண்ணில் நிற்பது பள்ளிக்கூடத்துப் பையனும் போலீஸ்காரரும்தான். காக்கி டவுசர், காலில் சுற்றின பட்டி, தலையில் சிவப்புத் தொப்பி என்று கான்ஸ்டபிள்கள் நின்ற காலம் அது. பையன்களுக்கு டவுசர் தைக்க வந்தால், அடியில் இரண்டு இஞ்ச் துணியை உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வார்கள். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் புது டவுசர் செலவு மிச்சம். பிறகு ஒருநாள் பேண்ட் வரும். பேண்ட் வந்துவிட்டால் அவன் பெரிய மனுஷன். அப்படி வளர்ந்தவருக்கு, மீசை வைத்த மாப்பிள்ளை டவுசரோடு ஹாலில் உட்கார்ந்திருப்பது ஒட்டாமல்தான் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், டவுசரைச் சீருடையாக வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டார்கள். போலீஸ் எப்போதோ விட்டது. ஆர்.எஸ்.எஸ். 2016-ல் காக்கி நிக்கரை விட்டுப் பழுப்பு பேண்டுக்கு மாறியது. அவர்கள் கழற்றியதை நாம் காசு கொடுத்து வாங்கி ஃபேஷன் என்று மாட்டுகிறோம்!

மாமனாரிடம் வாதாட வேண்டாம். முழங்காலை ஒட்டி நிற்கிற காட்டன் பெர்முடா, கருநீலத்திலோ சாம்பல் நிறத்திலோ எடுங்கள். பின்பக்கம் எழுத்து அடித்த குட்டை ஷார்ட்ஸ் உங்கள் அறையோடு இருக்கட்டும்.

இடுப்பு 40, உயரம் 5 அடி 4 அங்குலம். ஷார்ட்ஸ் போட்டால் இன்னும் குள்ளமாகத் தெரிகிறேன். என்ன செய்ய?
– திருவாரூர் வாசகர்

நீங்கள் இடுப்பை மட்டும் பார்த்து வாங்குகிறீர்கள். கம்பெனியில் சைஸ் ஏற்றும்போது இடுப்போடு சேர்த்து நீளத்தையும் ஏற்றுவோம். இடுப்பு பெருத்த எல்லாரும் நெட்டையாகவும் இருப்பார்கள் என்று ஒரு கணக்கு! அதனால் உங்களுக்கு வருவது முழங்காலைத் தாண்டி இறங்கிவிடுகிறது. கெண்டைக்கால் நடுவில் முடிகிற எதுவும் காலைக் குட்டையாகக் காட்டும். முக்கால் பேண்ட் உங்களுக்கு ஆகவே ஆகாது.

கடையில் இன்சீம் கேளுங்கள். கவட்டுத் தையலிலிருந்து அடிமடிப்பு வரை உள்ள நீளம் அது. உங்களுக்கு 8 இஞ்ச் போதும், முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். கிடைக்காவிட்டால் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து வெட்டி மடித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பெட்டி பெட்டியாக பாக்கெட் வைத்த கார்கோ வேண்டாம், அகலம் கூடும்.

எங்கள் ஐ.டி. கம்பெனியில் பெண்கள் முழங்கால் தெரிய ஸ்கர்ட் போடலாம். ஆண்கள் ஷார்ட்ஸ் போடக் கூடாதாம். ஏன்?
– கோவை வாசகர்

இதே கேள்வியை 2017 ஜூனில் பிரான்ஸ் நாட்டு நான்த் நகர பஸ் டிரைவர்கள் கேட்டார்கள். வாயால் கேட்கவில்லை, ஸ்கர்ட் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்கள். அதே மாதம் இங்கிலாந்தில் எக்ஸிட்டர் பள்ளிப் பையன்களும் அப்படியே செய்தார்கள். நீங்கள் கோவையில் முயன்று பார்க்க நான் யோசனை சொல்லவில்லை! பெர்முடா தீவில் பேங்க் ஆட்களே ஷார்ட்ஸ் போடுகிறார்கள். ஆனால் மேலே கோட்டும் டையும், கீழே முழங்கால் வரை சாக்ஸும் உண்டு. அதற்கு நம்ம பேண்டே தேவலை.

வேட்டியைத் தடுத்தால் தண்டனை என்று சட்டம் இருக்கிறதே, ஷார்ட்ஸுக்கு?
– சென்னை வாசகர்

2014-ல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே வருஷம் சட்டம் வந்தது. அது நம் பாரம்பரிய உடைக்கான காப்பு. ஷார்ட்ஸை வாசலில் நிறுத்தினால் திரும்பி வரவேண்டியதுதான்.

ஷார்ட்ஸோடு மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகலாமா?
– ஓசூர் வாசகர்

விடமாட்டார்கள். பையில் ஒரு ஒட்டிக்கோ வேட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு எந்தத் துணி நல்லது? திருப்பூர் காதர்பேட்டை துணிச் சந்தையில் எடுத்தால் என்ன பார்த்து எடுக்க வேண்டும்?
– கரூர் வாசகர்

லூப் நிட் வேண்டாம். உள்பக்கம் டவல் மாதிரி பொடிப்பொடிக் கண்ணியாக இருக்குமே, அது ஏ.சி. அறைக்குச் சரி, கரூர் மே மாதத்துக்கு ஆகாது. பாலியஸ்டர் ஷார்ட்ஸ் ஓடுவதற்கு நல்லது. பைக் சீட்டில் உட்கார்ந்தால் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். நெய்த துணியாகப் பாருங்கள்: பாப்ளின், லினன். சீர்சக்கர் கிடைத்தால் விடாதீர்கள். மேடும் பள்ளமுமாக நெய்த துணி என்பதால் தோலில் முழுசாகப் படியாது, இடையில் காற்று ஓடும். கசங்கினதும் தெரியாது.

காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சின எக்ஸ்போர்ட் சர்ப்ளஸும் கிடைக்கும், குறை இருக்கிறதென்று ஒதுக்கின செகண்ட்ஸும் கிடைக்கும், இரண்டும் ஒரே குவியலில்கூடக் கிடக்கும். பனியன் துணி ஷார்ட்ஸ் என்றால் இடுப்பை இரண்டு கையால் பிடித்துத் தூக்குங்கள். பக்கத் தையல் நேராகத் தொங்க வேண்டும். முன்பக்கமாகத் திரும்பி வந்தால் துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், துவைத்தால் இன்னும் சுற்றும். கடைக்காரர் அயர்ன் பண்ணினால் சரியாகிவிடும் என்பார், ஆகாது. எலாஸ்டிக்கோடு கயிறும் இருக்கட்டும், போன் கனத்துக்கு இடுப்பு இறங்கும். அந்தப் போனைப் பாக்கெட்டில் போட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். நழுவி விழுந்தால் பாக்கெட்டில் துணியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.