அழைத்தும் ஏன் வரவில்லை?

கேள்வி: நியூ மெக்சிகோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். பழைய அடோபி (பச்சை மண்கல்) கட்டடங்களைப் பராமரிக்கிறோம். சிறிய அகழாய்வும் நடக்கிறது. ஊரில் பாதிக்கு மேல் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்கள். இந்த வேலைகளைக் கற்றுக்கொள்ள ஒரு நிகழ்ச்சி வைத்து, ஸ்பானிய மொழியில் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தும் ஒருவரும் வரவில்லை. ஆர்வமில்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சி எந்தக் கிழமையில் என்று நீங்கள் எழுதவில்லை. சனிக்கிழமை காலை என்று ஊகிக்கிறேன். கட்டட வேலைக்கும் உணவகத்துக்கும் போகிறவர்களுக்கு அது வேலை நாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு, பாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்து வரும்படி, சாப்பாட்டோடு வைத்துப் பாருங்கள். பெயர்ப் பதிவுக்கு அடையாள அட்டை கேட்காதீர்கள். சீருடைக்காரர் வாசலில் நின்றால், குடியுரிமைச் சிக்கலில் உறவினர் உள்ள குடும்பம் தெருமுனையிலேயே திரும்பிவிடும்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் சரிசெய்யக்கூடியது. கடினமானது வேறு: உங்கள் துண்டறிக்கை அவர்களைக் கற்றுக்கொள்ள அழைக்கிறது. மண் சுவரைப் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்கப் போகிறீர்களா?

உங்கள் மாநிலத்திலேயே, ரான்சோஸ் டி டாவோஸ் ஊரில், புனித பிரான்சிஸ் அசிசி தேவாலயம் இருக்கிறது. அதன் சுவர்களுக்கு ஆண்டுதோறும் மண் பூசி அலுத்துப்போய், 1967-இல் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் வெடித்தது, வெடிப்பு வழியே இறங்கிய நீர் ஆவியாக வழியில்லாமல் உள்ளே தங்கி, அடோபியைக் கரைக்கத் தொடங்கியது. 1979-இல் சிமென்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு, களிமண்ணும் வைக்கோலும் குழைத்த பழைய பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் கோடைதோறும் பங்கு மக்கள் கூடிப் பூசுகிறார்கள். இந்தப் பூச்சு வேலைக்கு அங்கே 'எஞ்ஹாரே' என்று பெயர். மரபாக அதில் கைதேர்ந்தவர்கள் பெண்கள். எந்த மண்ணில் எவ்வளவு மணல் சேர்க்க வேண்டும் என்பதைக் கை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

அப்படி ஒரு மூதாட்டி உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும். அவரைப் பயிற்சியாளராக அழையுங்கள்; பயிற்சியாளருக்குரிய கூலியையும் கொடுங்கள். பட்டம் பெற்ற நிபுணருக்குப் பணமும் பாட்டிக்குப் பூங்கொத்தும் என்ற வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அவர் வந்தால் பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.

எதைப் பாதுகாப்பது என்பதையும் அவர்கள் சொல்லட்டும். டெக்சாஸ் மாநிலம் மார்ஃபாவில் பிளாக்வெல் பள்ளி என்று ஓர் எளிய அடோபிக் கட்டடம், 1909-இல் கட்டியது. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் பிரித்து வைத்துப் படிப்பித்த பள்ளி. ஸ்பானிய மொழி பேசினால் தண்டனை. 1954-இல் ஸ்பானியச் சொற்களைக் காகிதத்தில் எழுதவைத்து, பெட்டியிலிட்டுக் கொடிக்கம்பத்தடியில் புதைக்கச் செய்தார்கள். 1965-இல் பள்ளி மூடப்பட்டது. பின்னாளில் கட்டடத்துக்கு ஆபத்து வந்தபோது அதைக் காக்க முன்வந்தவர்கள் அங்கே படித்தவர்களே. அவர்கள் சேர்த்த புகைப்படங்களும் நினைவுகளுமே அதற்கு வலுவான ஆவணம். 2022-இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் நிறைவேறியது. கட்டடக்கலை அழகை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் இந்தப் பள்ளி யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆகவே ஒரு மாலை, வீட்டுப் புகைப்படங்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கேயே நகலெடுத்து, மூலப் படத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேச்சில் ஓர் எச்சரிக்கை. "எப்போது இந்த நாட்டுக்கு வந்தீர்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள். 1848 உடன்படிக்கையில் மெக்சிகோவின் நிலம் அமெரிக்காவுக்குக் கைமாறியபோது, இருந்த இடத்திலேயே நாடு மாறிய குடும்பங்கள் உங்கள் மாநிலத்தில் ஏராளம். பலர் தங்களை 'இஸ்பானோ' (பழைய ஸ்பானியக் குடியேறிகளின் வழிவந்தவர்) என்றே சொல்வார்கள். நேற்று குவாத்தமாலாவிலிருந்து வந்தவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. இன்னொன்று: ஸ்பானியர் காலத்து இடங்கள் புவேப்லோ பழங்குடியினருக்குப் பெருமையாக இருக்க வேண்டியதில்லை. 1680-இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து, ஸ்பானியரைத் தலைநகர் சாந்தா ஃபேயை விட்டே விரட்டியவர்கள் அவர்கள். இரு தரப்பையும் ஒரே நாற்காலியில் உட்காரவைக்கப் பார்க்காமல் தனித்தனியே போய்ப் பேசுங்கள்.

அகழாய்வைப் பொறுத்தவரை, குழி தோண்டும் முன்பே அக்கம்பக்கத்தாரிடம் வரைபடத்தைக் காட்டுங்கள். பழைய கிணறு எங்கே, ரொட்டி சுடும் மண் அடுப்பு எங்கே, குப்பை எங்கே கொட்டினார்கள் என்று அவர்கள் குறித்துக் கொடுப்பது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும். கூட்டாட்சி அரசின் நிலமாக இருந்தால், நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979 சட்டப்படி குற்றம் என்பதை முதல் நாளே ஸ்பானிய மொழியில் சொல்லிவிடுங்கள். தெரியாமல் ஒரு பையன் ஓட்டுச்சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்டால், மறுமுறை அந்தத் தெருவே வராது.

கிடைத்த பொருள்களைத் தலைநகரத்துக் கிடங்குக்கு அனுப்பத்தான் வேண்டுமென்றால், அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஊர்க்கூடத்து மேசையில் பரப்பி வையுங்கள். அவற்றின் பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களே அறிக்கையில் வரட்டும்.