ட்ரில்ல அழகா நீந்துற பையன் மெயின் செட்ல மட்டும் ஏன் சொதப்புறான்?

ஸ்கூல் டீம் கோச் ஒருத்தர் கேட்டிருக்கார்: "12, 13 வயசு பசங்க 22 பேர், 25 மீட்டர் பூல், 4 லேன், காலைல ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்குது. முதல் 20 நிமிஷம் ட்ரில் (ஸ்ட்ரோக்கை ஒழுங்குபடுத்துற பயிற்சி), அப்புறம் மெயின் செட், அதாவது தூரம் போடுற பகுதி, 3000 மீட்டர். ட்ரில்ல சூப்பரா பண்றவன் மெயின் செட் வந்ததும் பழையபடி கையைப் போட்டு அடிக்கிறான். ட்ரில்லைக் கூட்டினா மீட்டர் குறையுது, பேரன்ட்ஸ் வேற அந்த கிளப்ல 5 கிலோமீட்டர் போடுறாங்களேன்னு கேக்குறாங்க. எதை விடுறது?"

எதையும் விட வேணாம் சார். ரெண்டையும் தனித்தனி பீரியட் மாதிரி வச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் சிக்கல். ட்ரில்னா ஒழுங்கா நீந்தணும், மெயின் செட்னா எப்படியாவது முடிச்சா போதும்னு பசங்க மனசுல பதிஞ்சு போச்சு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, 3000 மீட்டர்னா 120 லென்த் (பூலோட ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஒரு லென்த்), ஃப்ரீஸ்டைல்ல லென்த்துக்கு 20 கை வீச்சுன்னு வச்சாலே 2400 கை, ஒரு தோளுக்கு 1200. ட்ரில் நேரத்துல மிஞ்சிப்போனா ஒரு 200 தடவை முழங்கையை மேல நிறுத்தி தண்ணியைப் பிடிச்சிருப்பான், அதுக்கப்புறம் 1200 தடவை முழங்கையைத் தொங்க விட்டு இழுக்குறான்னா எது பழகும்னு நீங்களே சொல்லுங்க.

அதனால மெயின் செட்டுக்குள்ளயே கையை எண்ண விடுங்க. பசங்க ஃப்ரெஷ்ஷா இருக்கிற ஒரு நாள் 4 தடவை 50 மீட்டர் சாதாரண வேகத்துல விட்டு ஒவ்வொருத்தனுக்கும் லென்த்துக்கு எத்தனை கை வருதுன்னு நோட்ல எழுதிக்கங்க. 20 வர்றவனுக்கு 22 வரைக்கும் விட்டுக்குடுங்க. தொடர்ந்து ரெண்டு தடவை அதைத் தாண்டினா ஒரு ரவுண்டு சுவத்தைப் பிடிச்சு நின்னுட்டு மறுபடி சேர்ந்துக்கட்டும். இது பனிஷ்மென்ட் இல்லைன்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா எண்ணிக்கையில பொய் சொல்லுவாங்க (நானும் சின்ன வயசுல சொல்லியிருக்கேன்). இன்னொரு திருட்டுத்தனமும் உண்டு, கையை நீட்டி வச்சுக்கிட்டு சும்மா வழுக்கிட்டே வந்து 17ன்னு பெருமையா சொல்லுவான், ஆனா டைம் படுத்திருக்கும். அதுக்குத்தான் 50 மீட்டருக்கு கை எத்தனை, செகண்ட் எத்தனைன்னு ரெண்டையும் கூட்டிப் பாக்கணும். 40 கை, 42 செகண்ட்னா 82. வாட்ச்ல ஸ்வோல்ஃப்னு காட்டுறது இந்த மாதிரி கூட்டல்தான். செட் முழுக்க 82, 83ல நின்னா தாராளமா மீட்டரைக் கூட்டுங்க, 88க்கு ஏறிடுச்சுன்னா அதுக்கு மேல போடுறதுல மூச்சுக்கு வேணா பலன் இருக்கும், ஸ்ட்ரோக்குக்கு நஷ்டம்தான்.

10 தடவை 100 போடுற இடத்துல 20 தடவை 50 போடுங்க, மீட்டர் அதேதான், ஆனா நடுவுல மூச்சு வாங்க இடம் கிடைக்கிறதால ஸ்ட்ரோக் உடையாம தாங்கும். நம்பலைன்னா ஒரு நாள் 100 செட்ல 7வது ரவுண்டு வரும்போது பூல் ஓரத்துல குத்த வச்சு தண்ணி மட்டத்துல பாருங்க. கை தலைக்கு நேரா குறுக்க விழும், இடுப்பு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடும், மூச்சுக்கு முகத்தைத் திருப்பாம தலையைத் தூக்குவான், தூக்கின உடனே கால் கீழ போயிடும். தண்ணி காத்தை விட கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தி, கால் தொங்கினா அதையும் சேர்த்து இழுத்துக்கிட்டுதான் போகணும்.

சுவரை மறந்துடாதீங்க. 3000ல 120 தடவை சுவத்தை உதைச்சுக் கிளம்புறாங்க. காதோட கை ஒட்டியிருக்கணும், முதல் கை போடும்போது மூச்சு எடுக்கக் கூடாது. இதுக்கு ட்ரில் டைமே வேணாம், கண்டிப்பு போதும்.

அந்த 5 கிலோமீட்டர் பேரன்ட்ஸுக்கு: அமெரிக்கால கோஸ்டில்ங்கிற விளையாட்டு ஆராய்ச்சியாளரோட குழு 1991ல வெளியிட்ட ஆய்வுல காலேஜ் நீச்சல்காரங்கள்ல ஒரு குரூப்பை 6 வாரம் தினம் ரெண்டு வேளை நீந்த விட்டாங்க, இன்னொரு குரூப்புக்கு ஒரு வேளைதான், ரெண்டு வேளை நீந்தினவங்களுக்குன்னு தனியா லாபம் எதுவும் வரலை. அதுக்காக மீட்டரே வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், 400, 1500 நீந்துறவனுக்கு தூரம் இல்லாம கதை ஆகாது. 1992லயும் 1996லயும் ஒலிம்பிக்ல 50, 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரெண்டுலயும் தங்கம் எடுத்த ரஷ்ய நீச்சல் வீரர் போபோவ் கூட நிறைய மீட்டர் போட்டவர்தான், அவரோட கோச் துரெட்ஸ்கி அதுல பெரும்பகுதியை மெதுவா, ஸ்ட்ரோக் கலையாம நீந்த வச்சார்.

22 பேரை ஒரே ஆள் பாக்க முடியாது, நாளைக்கு ஒரு லேன்னு வச்சுக்கங்க, மத்த லேன் பசங்க தானா எண்ணிக்கட்டும்.

பட்டர்ஃபிளைக்கு மட்டும் இந்தக் கணக்கு வேணாம். இந்த வயசுல 25க்கு மேல தொடர்ந்து குடுக்காதீங்க, அந்த 25லயே கடைசி 5 மீட்டர்ல இடுப்பு இறங்குதுன்னா அன்னைக்கு அவனுக்கு ஃப்ளை முடிஞ்சுது, ஃப்ரீஸ்டைலுக்கு மாத்தி விட்டுடுங்க.