கேளுங்க, சொல்லுதேன்: ரயில் மர்ம நாவல்கள்

(பதில் சொல்பவர், குமரி மாவட்டத்து ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

1850-களில் இங்கிலாந்தில் நடக்கும் ரயில் துப்பறியும் நாவல் ஒன்றை நூலகத்தில் எடுத்தேன். நாற்பது பக்கம் ஆகியும் பூட்டு, சாவி, பெட்டியின் எடை என்றே போகிறது. இன்ஸ்பெக்டர் வரும் இடத்துக்குத் தாவிவிடட்டுமா?
– வாசகி, தக்கலை

தாவிராதீங்க அம்மா. நான் தாவி ஏமாந்தவன். ராத்திரி டியூட்டியில் ரெண்டு வண்டிக்கு நடுவேதான் படிப்பேன். பக்கத்து ஸ்டேஷன்காரர் மணி அடித்தால் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு டோக்கன் எடுக்க ஓடணும். திரும்பி வந்து, விட்ட இடம் தெரியாமல் ரெண்டு பக்கம் தள்ளித் தொடங்குவேன். சாவி யார் கையில் இருந்தது என்பது அந்த ரெண்டு பக்கத்தில்தான் இருந்திருக்கும். கடைசியில் ஆள் பிடிபட்டதும், ‘இவன் எப்போ உள்ளே வந்தான்?’ என்று முழிப்பேன்.

என் காலத்து டோக்கன் என்றால் கைக்கு அடக்கமான ஒரு உருண்டை. ஒற்றைப் பாதையில் ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரே வண்டி போகத்தான் அது. ரெண்டு ஸ்டேஷனிலும் அதற்கு ஒவ்வொரு கருவி. ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை ரெண்டு கருவியும் அடுத்ததைத் தராது. உருண்டை கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். ரயில்வேயில் பொய் சொல்வது அதனால்தான் கஷ்டம். இரும்போ காகிதமோ ஏதாவது ஒன்று சாட்சி வைத்திருக்கும்.

எடை என்றீர்களே, 1855 மே 15 ராத்திரி நடந்ததைக் கேளுங்க. லண்டனில் இருந்து பாரிசுக்கு மூன்று பெட்டித் தங்கம். ஃபோக்ஸ்டன் துறைமுகம் வரை ரயில், அங்கிருந்து கப்பல். பாரிசில் திறந்தால் உள்ளே ஈயக் குண்டு! இங்கிலாந்து ரயில்காரர்கள் ‘எல்லாம் பிரான்சில் நடந்தது’ என்று சாதித்தார்கள். ஆனால் பிரான்சில் கப்பல் கரை சேர்ந்த புலோன் துறைமுகத்திலேயே பெட்டிகளை எடை போட்டிருந்தார்கள். லண்டன் எடைக்கு ஒரு பெட்டி குறைவு, மற்ற ரெண்டும் கூடுதல். பாரிசிலோ புலோன் எடையேதான். அப்போ கைவரிசை கடலுக்கு அந்தப் பக்கம் இல்லையே? வண்டியின் கார்டே திருட்டுக்கு உடந்தை. சாவிகளுக்கு மெழுகில் அச்சு எடுத்துக் கள்ளச்சாவி செய்திருந்தார்கள். இதைத் தாவினால் என்ன மிச்சம்?

சாட்சி சொல்லும் நேரமும் ஸ்டேஷன் நேரமும் பத்து நிமிடம் இடிக்கிறது. அச்சுப் பிழையா?
– வாசகர், குலசேகரம்

கதை பிரிஸ்டலில் நடக்கிறதா? அப்படியானால் பிழை இல்லை. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து மணி வைத்த காலம் அது. பிரிஸ்டல் லண்டனுக்குப் பத்து நிமிடம் பின்னால். கிரேட் வெஸ்டர்ன் ரயில் 1840-லேயே லண்டன் நேரத்துக்கு மாறிவிட்டது, ஊர் மாறவில்லை. நாடு முழுக்க ஒரே நேரம் என்று சட்டம் வந்தது 1880-ல்தான். பத்து நிமிடம் ஒரு கொலைகாரனுக்குத் தாராளம்.

1851-ல் இங்கிலாந்தில் நடப்பதாகச் சொல்லும் கதையில் கதாநாயகி சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்துகிறாள். சரியா?
– வாசகர், மார்த்தாண்டம்

சரியில்லை. அந்தப் பெட்டிகளில் ஒரு அறையில் இருந்து அடுத்ததுக்குப் போக வழியே கிடையாது. கதவைச் சாத்தினால் அடுத்த ஸ்டேஷன்வரை நீங்களும் எதிரே இருப்பவரும்தான். 1864 ஜூலை 9-ல் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கிக்காரர் அப்படித்தான் முதல் வகுப்பில் தாக்கப்பட்டு, தண்டவாளத்தில் கிடந்தார், மறுநாள் இறந்தார். கொன்றவன் பதற்றத்தில் தன் தொப்பியைப் பெட்டியில் விட்டுவிட்டு அவருடையதை எடுத்துப் போனான். அவருடைய தங்கச் சங்கிலியை மாற்றிய நகைக்கடைக்காரரின் பெயர் டெத், அதாவது சாவு. நாவலில் இப்படிப் பெயர் வைத்தால் நாமே சிரிப்போம். கொலையாளி ஃபிரான்ஸ் முல்லர் பாய்மரக் கப்பலில் அமெரிக்காவுக்குக் கிளம்ப, துப்பறிவாளர் டானர் நீராவிக் கப்பலில் முந்திப் போய் நியூயார்க்கில் காத்திருந்தார். அந்தப் பயத்துக்குப் பிறகு, 1868-ல்தான் பயணி ஆபத்தில் கார்டைக் கூப்பிட வழி வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அதுவும் 20 மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் வண்டிகளில் மட்டும்.

நம்ம மாவட்டத்தில் 1911-ல் நடப்பதாக ஒரு ரயில் மர்ம நாவல் எழுத ஆசை. யோசனை சொல்லுங்க தாத்தா.
– கல்லூரி மாணவன், குளச்சல்

எழுது மக்கா, ஆனா ரயில் எங்கே? நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் வண்டி வந்ததே 1979-ல்தான். உன் ஆள் வில்லுவண்டி கட்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, திருநெல்வேலி போய்த்தான் ரயில் ஏறணும்.

அதுவே உனக்கு வசதி. கணவாய்க்கு இந்தப் பக்கம் திருவிதாங்கூர், அந்தப் பக்கம் சென்னை மாகாணம். போலீஸ் வேற, காசு வேற. நம்மகிட்ட சக்கரம், அங்கே பிரிட்டிஷ் ரூபாய். நம்ம சர்க்கார் கச்சேரியில் (ஆபீஸில்) கொல்லம் ஆண்டு 1086 என்று எழுதுவான், அங்கே 1911 ஜூன். அந்த ஜூன் 17-ல்தான் மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பெட்டிக்குள் வைத்து வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஸ்டேஷனில் சும்மா நின்றவனையும் போலீஸ் சந்தேகமாகத்தானே பார்த்திருக்கும்?

இப்படித் தொடங்கு. ஆரல்வாய்மொழிச் சாவடி ஓரம் ஒரு பிணம். மடியில் நாலு சக்கரம், மணியாச்சியில் வாங்கிய திருநெல்வேலி அட்டை டிக்கெட். அந்தக் காலத்தில் இறங்குகிற ஸ்டேஷனில் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அது இன்னும் மடியில் இருக்கு என்றால் அவன் கேட் வழியாக வெளியே வரலை. எப்படி வந்தான் என்பதை எழுதி அனுப்பு, படிக்கேன்.