வட்டுப் பிரிப்பும் ரெய்டும்: ஆளில்லா லினக்ஸ் நிறுவல் பற்றிய கேள்வி பதில்

நிறுவி கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்கும் கிக்ஸ்டார்ட் (ஃபெடோரா வகைகளுக்கு), பிரிசீட் (டெபியனுக்கு) கோப்புகளை வைத்து லினக்ஸை ஆள் துணையின்றி நிறுவும்போது வட்டுகளில் நேரும் சிக்கல்களைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் பிரிசீட் கோப்பு புதிய இயந்திரங்களில் டெபியனைத் தடையின்றி நிறுவுகிறது. முன்பு ரெய்டு (பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் அமைப்பு) இருந்த பழைய சர்வரில் மட்டும், வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் கட்டத்தில் நின்றுவிடுகிறது. பார்ட்டிஷன் அட்டவணையை அழித்தும் பயனில்லை.

பதில்: என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான். அட்டவணையை அழிப்பது வீட்டுக் கதவிலிருந்து எண்ணை அழிப்பது போல. வீடு அப்படியே நிற்கும். ரெய்டு தன்னைப் பற்றிய குறிப்பை, அதாவது சூப்பர்பிளாக்கை, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்குள்ளும் எழுதி வைக்கிறது. குறிப்பின் 1.2 வடிவத்தில் அது பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருக்கும், 0.90, 1.0 வடிவங்களில் பார்ட்டிஷனின் கடைசிப் பகுதியில் இருக்கும். உங்கள் கோப்பு பழைய இடத்திலேயே, பழைய அளவிலேயே புதிய பார்ட்டிஷனை உருவாக்கியதும் அந்தக் குறிப்பு மீண்டும் கண்ணில் படுகிறது. பழைய ரெய்டு உயிர்பெற்று வட்டைப் பிடித்துக்கொள்கிறது. வட்டின் முதல் சில மெகாபைட்டில் பூஜ்ஜியம் எழுதியும் சிலருக்குச் சிக்கல் தீராததற்குக் காரணம், குறிப்பு கடைசியில் இருப்பதுதான்.

அழிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. ரெய்டின் மேலே எல்.வி.எம். (வட்டு இடத்தைத் தொகுத்துப் பங்கிடும் அடுக்கு) இருந்தால் முதலில் அதன் தொகுதியைச் செயலிழக்கச் செய்யுங்கள். அடுத்து ரெய்டை நிர்வகிக்கும் எம்.டி.ஏ.டி.எம். கட்டளையால் ரெய்டை நிறுத்துங்கள். பிறகு அதில் உறுப்பாக இருந்த ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் சூப்பர்பிளாக்கை அழியுங்கள். அட்டவணையைக் கடைசியில்தான் தொட வேண்டும். வரிசை மாறினால், சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்ற பிழைதான் வரும். பிரிசீட்டில் பழைய ரெய்டையும் பழைய எல்.வி.எம்.மையும் நீக்க ஒப்புதல் தரும் வரிகள் தனித்தனியாக உள்ளன. ஒன்றை எழுதி மற்றதை விட்டால் திரை உங்களுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். அந்த வரிகள் போதாதபோது, டெபியன் நிறுவியில் வட்டைப் பிரிக்கும் பகுதியான பார்ட்மேன் தொடங்குவதற்கு முன் ஓடும் கட்டளை வரியில் மேற்சொன்ன படிகளை எழுதுங்கள்; கிக்ஸ்டார்ட்டில் அதற்கான இடம் 'ப்ரீ' பகுதி.

கேள்வி: நிறுவ வேண்டிய வட்டுக்கு எஸ்.டி.ஏ. (லினக்ஸ் முதலில் கண்டறியும் வட்டுக்கு இடும் பெயர்) என்று எழுதியிருந்தேன். நிறுவல், செருகியிருந்த யூ.எஸ்.பி. வட்டுக்குப் போய்விட்டது. தரவு முழுவதும் போயிற்று.

பதில்: வருந்துகிறேன். இது உங்கள் கவனக்குறைவு மட்டுமல்ல. வட்டுகள் கண்டறியப்படும் வரிசையில் லினக்ஸின் மையமான கெர்னல் அவற்றின் பெயருக்கு ஏ, பி என எழுத்துகளைக் கொடுக்கிறது. அடுத்த முறை இயக்கும்போது அதே வரிசை வரும் என்பதற்கு உறுதி இல்லை. வட்டின் தயாரிப்பு எண் அடங்கிய 'பை-ஐடி' பெயரை எழுதுங்கள். கிக்ஸ்டார்ட்டில் 'இக்னோர்டிஸ்க்' வரியில், பயன்படுத்த வேண்டிய வட்டுகளை மட்டும் குறிப்பிட்டால் மற்றவற்றை நிறுவி தொடவே தொடாது. எல்லாவற்றையும் அழி என்ற கட்டளையை இந்த வரி இல்லாமல் யாரும் எழுத வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டு வட்டுகளில் ரெய்டு 1 (ஒரே தரவை இரு வட்டிலும் எழுதும் வகை) அமைத்தேன். சோதனைக்காக முதல் வட்டைக் கழற்றினேன். இயந்திரம் எழவே இல்லை. ரெய்டு போட்டு என்ன பயன்?

பதில்: கழற்றிப் பார்த்தீர்களே, அதற்கே பாராட்டு. பெரும்பாலோர் வட்டு பழுதாகும் நாளில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் தரவு இரு வட்டிலும் இருக்கிறது. இயந்திரம் எழும்போது லினக்ஸை ஏற்றும் கிரப் ஒன்றில் மட்டும் இருக்கிறது. பழைய வகைத் தொடக்க மென்பொருளான பயாஸ் உள்ள இயந்திரமானால் பிரிசீட்டின் கிரப் வரியில் இரு வட்டுகளையும் எழுதுங்கள். பார்ட்டிஷன் அட்டவணை ஜி.பி.டி. என்ற புதிய வகையானால் ஒவ்வொரு வட்டிலும் 1 மெகாபைட் 'பயாஸ் பூட்' பார்ட்டிஷனும் வேண்டும். பயாஸுக்குப் பின் வந்த யூ.இ.எஃப்.ஐ. உள்ள இயந்திரத்தில் சிக்கல் சற்று நுட்பமானது: லினக்ஸின் ரெய்டு எதுவென்று ஃபர்ம்வேருக்கு (இயந்திரத்திலேயே பதிந்துள்ள அந்தத் தொடக்க மென்பொருளுக்கு) தெரியாது. அதனால் தொடக்கக் கோப்புகள் இருக்கும் இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை ரெய்டு 1 ஆக்குவதென்றால், குறிப்பு கடைசியில் அமரும் 1.0 வடிவத்தையே பயன்படுத்த வேண்டும். அப்போது ஃபர்ம்வேர் அதைச் சாதாரண ஃபேட் பார்ட்டிஷனாகவே படிக்கும். ஆனால் ஃபர்ம்வேர் அதில் எதையாவது எழுதினால் அது ஒரு வட்டில் மட்டுமே பதியும். ஆகவே நான் இரு வட்டிலும் தனித்தனி இ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் வைத்து உள்ளடக்கத்தை நகலெடுப்பதையே விரும்புகிறேன்.

கேள்வி: நிறுவிய பிறகும் வட்டுகள் ஒத்திசைந்துகொண்டே இருக்கின்றன. முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். மறுதொடக்கமும் செய்யலாம், ஒத்திசைவு பிறகு தொடரும். வட்டைக் கழற்றும் சோதனையை மட்டும் அது முடிந்தபின் செய்யுங்கள்.

கேள்வி: பார்ட்மேன் செய்முறையில் வரும் மூன்று எண்கள் புரியவில்லை அண்ணா. பூட் பார்ட்டிஷன் வேண்டாத அளவுக்குப் பெருத்துவிடுகிறது.

பதில்: முதல் எண் குறைந்தபட்ச அளவு, மூன்றாவது அதிகபட்சம், நடுவில் இருப்பது முன்னுரிமை. முன்னுரிமையிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வருவதே, மிஞ்சும் இடத்தில் அந்தப் பார்ட்டிஷனுக்குரிய பங்கின் விகிதம். பூட் பார்ட்டிஷன் வளரக் கூடாது என்றால் மூன்றையும் 512 என்றே எழுதுங்கள் தம்பி. மிச்சத்தை நிரப்ப வேண்டிய பார்ட்டிஷனுக்கு அதிகபட்சமாக -1 கொடுங்கள்.

கேள்வி: பிழைச்செய்தி ஒரே வரிதான் வருகிறது. உண்மைக் காரணத்தை எங்கே தேடுவது?

பதில்: ஃபெடோரா வகைகளில் டெம்ப் கோப்புறையில் இருக்கும் 'ஸ்டோரேஜ்' பதிவைப் படியுங்கள். எந்த வட்டைக் கண்டது, எதை ஏன் ஒதுக்கியது என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். டெபியனில் ஆல்ட்-எஃப்4 அழுத்தினால் பதிவு ஓடுவது தெரியும். ஆல்ட்-எஃப்2 அழுத்தினால் கட்டளைத் திரை கிடைக்கும். நிறுவல் பாதியில் நின்றிருந்தால், இயந்திரத்தை அணைக்கும் முன் அந்தப் பதிவை வேறொரு இயந்திரத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். அது நினைவகத்தில்தான் இருக்கிறது, அணைத்தால் போய்விடும்.